சுரிமோனோ பாக்கப் பழகுறது எப்படி: கவிதை வட்டங்களுக்காக அச்சடிச்ச ஜப்பான் பெண் படங்கள்

ஜப்பான் மரக்கட்டை அச்சுன்னு சொன்னா நெறைய பேருக்கு ஹொகுசாயோட பெரிய அலை ஞாபகம் வரும், அதுக்கு அடுத்தபடியா கிமோனோ கட்டின பெண்களோட படங்கள். அதெல்லாம் பெரும்பாலும் கடைல வித்த சரக்கு, காசு குடுத்தா யாரும் வாங்கிட்டுப் போகலாம். ஆனா அதே எடோ ஊர்ல (இப்போ டோக்கியோ) அதே ஓவியர்கள் கடைக்கே வராத இன்னொரு வகை படமும் போட்டாங்க. கவிதை எழுதுற ஆளுங்க ஒரு வட்டமா சேந்து, சொந்தக் காசு போட்டு, தங்களோட கவிதையும் ஒரு படமும் ஒரே தாள்ல வர்ற மாதிரி அச்சடிச்சு, புது வருஷத்துக்கு நண்பர்களுக்குள்ள குடுத்துக்கிட்டாங்க. அதுக்குப் பேரு சுரிமோனோ. 1790கள்ல இருந்து 1830கள் வரைக்கும் தான் இதுக்கு நல்ல காலம்.

லாபம் பாக்கத் தேவையில்லாததால நல்ல தாள், உலோகப் பொடி, விரல் வச்சா தெரியுற புடைப்பு அச்சுன்னு எதுலயும் கஞ்சத்தனம் இல்ல. அதனால தான் இதைப் பாத்தவங்க "ஐயோ எவ்ளோ அழகு"ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுறாங்க, அது தான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. படத்துல இருக்குற அந்தப் பொண்ணு சும்மா அழகுக்கு நிக்கல. இந்த வருஷம், இந்த வட்டம், இந்தக் கவிதை, அதனால இந்தப் பொண்ணுன்னு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு தான் சொல்லப் போறேன். ஜப்பான் மொழி தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல, பொறுமை இருந்தா போதும்.

முதல்ல எங்க போய் பாக்கலாம்

காசே செலவு பண்ண வேணாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017ல இருந்து காப்புரிமை இல்லாத படங்களை எல்லாம் இலவசமா டவுன்லோட் பண்ண விடுறாங்க, அங்க ஹேவ்மையர் குடும்பம் குடுத்த சேகரிப்புல சுரிமோனோ நெறைய இருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல ரைக்ஸ்மியூசியம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், ஹார்வர்ட் பல்கலைக்கழக மியூசியம், டப்ளின்ல செஸ்டர் பீட்டி நூலகம், இங்கல்லாம் நல்ல சேகரிப்பு இருக்கு. சைட்ல போய் சுரிமோனோன்னு இங்கிலீஷ்ல அடிச்சாலே வந்துடும். மெட் சைட்ல ஆரம்பிங்கன்னு தான் சொல்லுவேன், ஏன்னா ஜூம் பண்ணி தாளோட நார் வரைக்கும் பாக்கலாம், அது இந்த விஷயத்துல ரொம்ப முக்கியம்.

ஒரே நாள்ல நூறு படம் பாக்காதீங்க. ஒரு பொண்ணு இருக்குற படம் ஒண்ணை எடுங்க, அதோட உக்காருங்க.

அளவைப் பாருங்க

ஸ்கிரீன்ல எல்லா படமும் ஒரே சைஸ்ல தெரியும், அதனால படத்துக்குக் கீழ போட்டிருக்குற சென்டிமீட்டர் கணக்கை மொதல்ல படிங்க. ஏறக்குறைய 21க்கு 18ன்னு கிட்டத்தட்ட சதுரமா இருந்தா அது ஷிகிஷிபான். 1810கள்ல இருந்து க்யோகா (கேலியும் சிலேடையும் கலந்த குட்டிக் கவிதை) வட்டங்கள் அதிகமா கேட்டது இந்த அளவு தான், நீங்க பாக்கப் போற பெண் படங்கள்ல பெரும்பாலானது இதுல தான் வரும். ரெண்டு உள்ளங்கையைச் சேத்து விரிச்சா அதுல அடங்குற தாள். சுவத்துல மாட்டுறதுக்காகப் போட்டது இல்ல, கைல வாங்கி, வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாக்கப் போட்டது. இதை மனசுல வச்சுக்கிட்டா மத்தது எல்லாம் புரியும்.

ஏறக்குறைய 20க்கு 50 தாண்டி நீளவாக்குல இருந்தா அது பழைய நீள வகை. ஹோஷோங்கற கனமான தாளை முழுசா எடுத்து நீளவாக்குல ரெண்டா மடிச்சு, ஒரு பாதில படமும் மறு பாதில கவிதைகளும் போடுவாங்க. தாளை முழுசா விரிச்சா எழுத்துப் பக்கம் தலைகீழா தெரியும், மடிச்சு திருப்பினா நேரா வரும். பின்னாடி சேகரிச்சவங்க பல பேர் எழுத்துப் பக்கம் எதுக்குன்னு வெட்டிட்டு படத்தை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அதனால ஒரு நீளப் படத்துல பொண்ணுங்க மட்டும் இருந்து கவிதையே இல்லன்னா, மறுபாதி எங்கயோ போயிடுச்சோன்னு சந்தேகப்படுங்க. ஹொகுசாய் இந்த நீள வகைல நெறைய போட்டிருக்காரு, 1790கள் நடுவுல சோரின்னு பேர் வச்சுக்கிட்டிருந்த காலத்துல. அந்தப் படங்கள்ல வர்ற ஒல்லியான, நீள முகம் கொண்ட பெண்களை இன்னிக்கும் சோரி பாணின்னே சொல்றாங்க.

கடை முத்திரை இருக்கான்னும் பாத்துடுங்க. 1790க்கு அப்புறம் விக்கிற படத்துக்கு தணிக்கை முத்திரை வேணும், பதிப்பாளர் குறியும் போடுவாங்க. சுரிமோனோ தனியார் அச்சுங்கறதால அந்த ரெண்டும் பொதுவா இருக்காது.

தாளை சாய்ச்சு பாருங்க, முடிஞ்சா நேர்ல

இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

தாள் கோஸோ மர நார்ல செஞ்ச கனமான ஹோஷோ. கட்டை பெரும்பாலும் காட்டு செர்ரி மரம். ஒவ்வொரு கலருக்கும் தனித் தனி கட்டை, கட்டை ஓரத்துல வெட்டின அடையாளத்துல தாளை ஒட்டி வச்சு, பின்னாடி பாரென்னு சொல்ற மூங்கில் மட்டை சுத்தின வட்டத் தேய்ப்பானால அழுத்துவாங்க. மெஷின் எதுவும் கிடையாது. இதுல மை தடவாமலே ஒரு கட்டையை அழுத்துனா தாள் மேடும் பள்ளமுமா மாறும், அது கராஸுரி. ஒரு பொண்ணோட வெள்ளை உள்ளாடை காலர்ல நெசவு டிசைன், பனி மூடின கிளை, கொக்கோட இறகு, அலை நுரை, இதெல்லாம் கலரே இல்லாம வெறும் புடைப்பா இருக்கும். நேரா போட்டோ எடுத்தா சுத்தமா தெரியாது. "வெறும் வெள்ளையா இருக்கே"ன்னு தோணுற இடத்துல தான் அச்சடிச்சவர் உயிரைக் குடுத்து வேலை பண்ணியிருப்பாரு.

அதோட உலோகப் பொடி. தங்கம் மாதிரி மின்னுறது பெரும்பாலும் பித்தளைப் பொடி, வெள்ளி மாதிரி தெரியுறதுல தகரப் பொடியும் உண்டு. கொண்டை ஊசி, ஓபியோட (இடுப்புல கட்டுற அகலப் பட்டை) பூ வேலை, சாக்கே (அரிசி மது) கிண்ணம், கண்ணாடி, இந்த இடங்கள்ல தேடுங்க. காலப்போக்குல பித்தளை பச்சை கலந்து மங்கும், வெள்ளி கருத்துப் போகும். அதனால ஒரு பொண்ணு கைல இருக்குற கண்ணாடி கருப்பா தெரிஞ்சா அது கருப்புக் கண்ணாடி இல்ல, ஒரு காலத்துல பளபளன்னு இருந்தது. இதை மறந்துட்டு கலரைப் பத்தி முடிவு பண்ணாதீங்க. ஊதா நிற நீலமும் குசும்பப் பூ சிவப்பும் அதே மாதிரி தான், வெளிச்சத்துல சீக்கிரம் வெளுத்துடும். இப்போ சாம்பலா இருக்குற வானம் அப்போ நீலமா இருந்திருக்கலாம்.

கருப்பு முடியையும் ஜூம் பண்ணுங்க. நெத்தி ஓரத்துல முடி தொடங்குற இடத்துல ஒவ்வொரு இழையும் தனியா செதுக்கியிருப்பாங்க. நல்ல பிரதியா இல்லையான்னு பாக்குறதுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது.

நேர்ல பாக்க வாய்ப்பு கெடச்சா (பல மியூசியத்துல முன்கூட்டியே எழுதிக் கேட்டா படிப்பறைல எடுத்துக் காட்டுவாங்க) விளக்கு ஒரு பக்கத்துல இருந்து தாழ்வா அடிக்கிற மாதிரி வைக்க முடியுமான்னு கேளுங்க. கேக்கறதுக்குத் தயங்காதீங்க, அவங்களுக்கும் அது தெரியும்.

இந்தப் பொண்ணு யாரு?

சுரிமோனோல வர்ற பெண்களை நான் மூணு விதமா பிரிச்சுப் பாப்பேன், ஆனா இந்த மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடும்னு முன்னாடியே சொல்லிடுறேன். ஒண்ணு அந்தக் காலத்துப் பொண்ணு: எடோவோட யோஷிவாரா பேட்டைல இருந்த கணிகை, ஷாமிசென் (மூணு தந்தி வாத்தியம்) வாசிக்கிற கெய்ஷா, வீட்டுப் பொண்ணு. ரெண்டாவது பழைய அரண்மனைக் காலத்துப் பொண்ணு, முக்கியமா பெண் கவிஞர்கள். மூணாவது தெய்வம்.

கவிதை வட்டத்துக்குப் போடுற படத்துல பெண் கவிஞர்கள் வராம இருப்பாங்களா. அடையாளம் இப்படி வச்சுக்கோங்க. ஒரு மேசைல எழுத்துப் பொருளோட உக்காந்து, தண்ணி மேல நிலாவைப் பாத்துக்கிட்டு இருந்தா முராசாகி ஷிகிபு, இஷியாமா கோயில்ல கெஞ்ஜி கதைங்கற பழைய நாவலை எழுத ஆரம்பிச்சதா சொல்ற காட்சி. மூங்கில் தட்டியைத் தூக்கி வெளிய பனியைப் பாத்தா செய் ஷோனாகோன், மகாராணி ஒரு சீனக் கவிதையைக் குறிப்பா வச்சுக் கேட்ட கேள்விக்கு வாயால பதில் சொல்லாம தட்டியைத் தூக்கிக் காட்டினவங்க. பூனையோட தட்டிக்குப் பக்கத்துல ஒரு இளவரசி நின்னா கெஞ்ஜி கதைல வர்ற மூணாவது இளவரசி.

ஓனோ நோ கொமாச்சியைப் பத்தி மட்டும் தனியா சொல்லணும், ஏன்னா அவங்க அடிக்கடி வருவாங்க. 9ம் நூற்றாண்டுக் கவிஞர், அழகுக்கும் பேர் போனவங்க. அவங்களைச் சுத்தி ஏழு கதை உண்டு, அதுல ஒண்ணு புத்தகம் கழுவுன கதை. அரண்மனைல கவிதைப் போட்டி, ஒரு நாள் முன்னாடி ஓதோமோ நோ குரோனுஷின்னு எதிராளி ஒளிஞ்சிருந்து அவங்க கவிதையைக் கேட்டு, அதை ஒரு பழைய தொகுப்புல எழுதி வச்சுட்டு, "இது திருட்டுக் கவிதை"ன்னு சபைல சொல்றாரு. கொமாச்சி தண்ணி கேட்டு அந்தப் புத்தகத்தைக் கழுவுறாங்க. பழைய மை அப்படியே நிக்குது, புதுசா எழுதின வரி மட்டும் கரைஞ்சு போகுது. ஒரு பொண்ணு வாளி இல்ல தட்டுத் தண்ணில புத்தகம் அலசுற மாதிரி படம் இருந்தா அது இந்தக் கதை தான். கவிதையைத் திருடறது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரிஞ்ச கூட்டத்துக்கு இதை விடப் பொருத்தமான படம் என்ன இருக்கு.

ஆனா கவனிக்கணும், பல நேரம் அந்தப் பொண்ணு அரண்மனை உடைல இருக்க மாட்டாங்க. 1820ம் வருஷத்து ஃபேஷன்ல கொண்டை போட்ட ஒரு கணிகை, பக்கத்துல ஒரு தண்ணித் தட்டு, மடில ஒரு புத்தகம், அவ்ளோ தான். பழைய கதைக்கு இன்னிக்கு வேஷம் போடுறது, இதுக்கு மிதாதேன்னு பேரு. பாக்குறவர் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சதும் வர்ற சந்தோஷம் தான் அந்தப் பரிசு. அதனால பொண்ணு முகத்தை விட கைல என்ன இருக்கு, பக்கத்துல என்ன கெடக்கு, பின்னாடி திரைல என்ன வரைஞ்சிருக்குன்னு பாருங்க. முகம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி தான் இருக்கும், சாமான் தான் பேசும்.

தெய்வங்கள்ல பென்சைத்தென் நமக்கு தெரிஞ்சவங்க. ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள்ல ஒரே பெண். அது நம்ம சரஸ்வதி தான், பௌத்த நூல்கள் வழியா சீனா போய் ஜப்பான் சேந்தவங்க. கைல வீணைக்கு பதிலா பிவா. கலைக்கும் பேச்சுக்கும் தெய்வமா இருந்தவங்க அங்க செல்வத்துக்கும் தெய்வமா ஆகிட்டாங்க, வெள்ளைப் பாம்பு அவங்களோட தூதர். இந்தப் பாம்பை ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த படிக்கு வேணும்.

எந்த வருஷம்னு கண்டுபிடிக்கிறது

புது வருஷத்துக்குப் போட்டதுங்கறதால வருஷ மிருகம் படத்துல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். பன்னெண்டு மிருக சுழற்சி: எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்னி. ஷிகிஷிபான் நல்லா ஓடுன காலத்துக்கு ஒரு நங்கூரம் மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க: 1821 பாம்பு, 1822 குதிரை. அதுல இருந்து முன்னாடியும் பின்னாடியும் எண்ணிக்கலாம், 1819 முயல், 1825 சேவல், 1828 எலி. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதனால 1809ம் 1833ம் கூட பாம்பு வருஷம் தான். எதுன்னு ஓவியரோட காலத்தையும் பாணியையும் வச்சு முடிவு பண்ணணும். 1821ன்னு போட்ட படங்கள்ல பென்சைத்தென் ஏன் வர்றாங்கன்னு இப்போ புரியும்.

மிருகம் நேரா நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. குதிரை வருஷத்துக்கு ஹொகுசாய் ஒரு வட்டத்துக்காக 1822ல ஒரு பெரிய வரிசையே போட்டாரு, அதுல பல படத்துல குதிரையே கிடையாது, குதிரைங்கற வார்த்தை உள்ள சாமான், இடம், பழக்கம் தான் இருக்கும். பெண் படத்துல பொம்மையா, கிமோனோ டிசைனா, விசிறிப் படமா, திரை ஓவியமா எப்படி வேணா வரலாம்.

இந்த ஒளிச்சு வைக்கிற விளையாட்டுக்கு ஒரு மூதாதை உண்டு. அப்போ காலண்டர் போடுற உரிமை சில பேருக்கு மட்டும் தான். சந்திர வருஷத்துல எந்த மாசம் 30 நாள், எந்த மாசம் 29 நாள்னு வருஷா வருஷம் மாறும், அதைத் தெரிஞ்சே ஆகணும். 1765ல கவிதை ஆர்வம் உள்ள சாமுராய் சில பேர் அந்த மாச எண்களைப் படத்துக்குள்ள ஒளிச்சு வச்சு, அச்சடிச்சு, நண்பர்களுக்குள்ள மாத்திக்கிட்டாங்க. சுஸுகி ஹருனோபு வரைஞ்ச ஒண்ணுல திடீர் மழை, ஒரு பொண்ணு கொடில காயுற துணியை எடுக்க ஓடுறாங்க, காலணி ஒண்ணு கழண்டு போகுது. கொடில தொங்குற கிமோனோல டிசைன் மாதிரி இருக்குறது உண்மைல எழுத்து, 2, 3, 5, 6, 8, 10 நீள மாசம், மெய்வா ரெண்டாம் வருஷம்னு (அதாவது 1765). முழு கலர் அச்சு ஜப்பான்ல வளந்ததே இந்தக் கூட்டம் செலவு பண்ணினதால தான். அதுல முன்னணில இருந்தவர் ஓகுபோ ஜின்ஷிரோ, கவிதைப் பேர் க்யோசென். அப்புறம் அதே கட்டைகள்ல சிலதை எண்களையும் பேரையும் எடுத்துட்டு கடைல வித்தாங்க. ஆக, க்யோசென்னு பேர் அச்சாகியிருந்தா அது முதல் சுற்று, நண்பர்களுக்குப் போனது.

மிருகம் கெடைக்கலன்னா பருவ அடையாளம் பாருங்க. ப்ளம் பூ, உகுயிசு குருவி, இளம் பைன் கிளை, புது வருஷத்துல அடிச்சு விளையாடுற ஹகோய்தா மட்டை, முதல் தண்ணி எடுக்குற வாளி, முதல் எழுத்து எழுதுற தூரிகை, ஃபுஜி மலை. அப்போ சந்திரக் கணக்கு, புது வருஷம் ஜனவரி கடைசில இல்ல பிப்ரவரில வரும், வசந்தம் தொடங்குற நேரம். (1873ல தான் அரசாங்கம் மேல்நாட்டுக் காலண்டருக்கு மாறினது.) அதனால புது வருஷப் படத்துல பூ பூத்திருக்குறதைப் பாத்து குழம்ப வேணாம்.

யார் வரைஞ்சது, எந்த வட்டம்

கையெழுத்து பெரும்பாலும் கீழ்ப் பகுதில ஓரமா, மேல இருந்து கீழ ஓடும், கடைசி எழுத்து கா இல்லன்னா ஹிட்சுன்னு இருக்கும், ரெண்டுக்கும் "வரைஞ்சது இன்னார்"ங்கற அர்த்தம் தான். ஹொகுசாய், ஹொக்கேய், ஹொகுபா மூணு பேருக்கும் முதல் எழுத்து ஒண்ணே, வடக்குன்னு அர்த்தம், பின்னவங்க ரெண்டு பேரும் ஹொகுசாயோட சீடர்கள். அந்த ஒரு எழுத்தை மட்டும் கண்ணுக்குப் பழக்கிட்டா பாதி படத்துக்கு வழி தெரிஞ்சுடும்.

புதுசா வர்றவங்க மூணு பேரை நல்லா தெரிஞ்சுக்கிட்டா போதும்னு நெனைக்கிறேன். தொதொயா ஹொக்கேய் (1780–1850), முன்னாடி மீன் வியாபாரம் பண்ணினவர், தொதொயாங்கற பேர்லயே மீன் கடை இருக்கு. யாஷிமா காகுதேய், தானே க்யோகா கவிஞர், உலோகப் பொடியை அள்ளி வீசினவர் மாதிரி இருக்கும் அவரோட பெண் படங்கள், உடை மடிப்புக்குள்ள எல்லாம் மின்னும். குபோ ஷுன்மான் (1757–1820), இவரும் கவிஞர், ஒரு வட்டத்தோட தலைவர், இடது கைப் பழக்கம் உள்ளவர், ஷோசாதோங்கற அவரோட இன்னொரு பேர்ல அது தெரியும், அதுல சான்னா இடது. அவரோட படங்கள் அடக்கமா, சாம்பல் நிறங்கள்ல இருக்கும். எனக்கு காகுதேயை விட ஷுன்மான் தான் பிடிக்கும், கத்தாம பேசுற படங்கள். ஆனா ஆரம்பிக்கறதுக்கு ஹொக்கேய் தான் சரி, நெறைய போட்டிருக்காரு, எல்லா மியூசியத்துலயும் இருக்காரு.

வட்டத்தோட பேரு வரிசைத் தலைப்புல வரும். யோமோ, ஹனாஸோனோ, கட்ஸுஷிகா, சுபோ, இதெல்லாம் பெரிய வட்டங்கள். யோமோ வட்டத்துக்கு தலைமை யோமோ நோ மகாவோ. ஹொகுசாய் 1821ல சிப்பிகளை வச்சு 36 படம் வரைஞ்ச வரிசை அந்த வட்டத்துக்காகத் தான். மியூசியம் குறிப்புல வட்டப் பேர் கெடச்சா அதையே தேடுங்க, அதே வரிசைல இருக்குற மத்த படங்கள் வந்து விழும், அப்போ நீங்க பாத்துக்கிட்டிருந்த பொண்ணு பத்துல ஒண்ணா, முப்பத்தாறுல ஒண்ணான்னு தெரியும். தனியா பாக்கறதுக்கும் வரிசைல வச்சுப் பாக்கறதுக்கும் அவ்ளோ வித்தியாசம்.

இந்த வட்டங்கள்ல சாமுராயும் கடைக்காரரும் சத்திரம் நடத்துனவரும் ஒண்ணா உக்காந்தாங்க, அது அந்தக் காலத்துல சாதாரண விஷயம் இல்ல. பெண்களும் எழுதினாங்க. சியே நோ நைஷி, ஃபுஷிமாட்ஸு நோ காகா, ரெண்டு பேரும் பேர் வாங்கின க்யோகா கவிஞர்கள், கணவர்களும் கவிஞர்கள் தான். படத்துல இருக்குற பொண்ணை மட்டும் பாத்துட்டு, கவிதை எழுதின பொண்ணை விட்டுடாதீங்க.

கவிதைக்கிட்ட வாங்க

க்யோகா 31 அசை, 5-7-5-7-7. வடிவம் அரண்மனைக் கவிதையோடது, உள்ளடக்கம் கேலியும் சாமர்த்தியமும். சிலேடை தான் உயிர், நம்ம காளமேகப் புலவர் இந்தக் கூட்டத்துல போய் உக்காந்திருந்தா சந்தோஷமா இருந்திருப்பாரு. மட்ஸுன்னா பைன் மரம், காத்திருக்கறதுன்னும் அர்த்தம். அப்போ ஒரு பொண்ணு பக்கத்துல பைன் கிளை இருந்தா யாரையோ காத்திருக்காங்கன்னு கவிதை சொல்லிடும், படம் அதை வாய் திறந்து சொல்லத் தேவையில்ல.

எழுத்தைப் படிக்கறது கஷ்டம் தான், சேத்து எழுதுற பழைய ஓட்டெழுத்து, இன்னிக்கு ஜப்பான்காரங்களுக்கே தனியா கத்துக்கிட்டா தான் வரும். 2021ல வந்த மிவோன்னு ஒரு இலவச ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா ஓட்டெழுத்தை இப்போதைய எழுத்தா மாத்தித் தரும், தப்பும் வரும், சுரிமோனோ மாதிரி அலங்காரமா சிதறி எழுதினதுல இன்னும் அதிகமா வரும். அதனால மொதல்ல மியூசியம் குறிப்புல மொழிபெயர்ப்பு இருக்கான்னு பாருங்க. இல்லன்னாலும் ஒண்ணு பண்ணலாம்: வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் வரிகளைப் பின்தொடருங்க, ஒவ்வொரு கவிதை முடிவுலயும் கொஞ்சம் தள்ளி, தாழ்வா ஒரு சின்ன வரி நிக்கும், அது கவிஞர் பேரு. எத்தனை பேர் நிக்குதோ அத்தனை கவிதை. ரெண்டா மூணான்னு எண்ணிட்டாலே, இந்தப் படத்துக்கு யார் யார் காசு போட்டிருப்பாங்கன்னு ஒரு ஊகம் கெடச்சுடும்.

மொழிபெயர்ப்பு கெடச்சதும் திரும்பப் படத்துக்குப் போங்க. கவிதைல இருந்து படத்துல இல்லாதது என்ன, படத்துல இருந்து கவிதைல இல்லாதது என்ன? கவிதை உகுயிசு குருவியைப் பத்திப் பேசும், படத்துல குருவியே இருக்காது, பொண்ணு கைல ஷாமிசென் இருக்கும், பாட்டு யார் பாடுறாங்கன்னு நீங்களே சேத்துக்கணும். இந்த இடைவெளி தான் சுரிமோனோ.

வாங்கணும்னு ஆசை வந்தா

வரும், தப்பில்ல. ஆனா மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: 1890கள் வாக்குல புதுக் கட்டை செதுக்கி ஷிகிஷிபான் படங்களை மறுபடி அச்சடிச்சாங்க, நல்ல தரத்துலயே. ஆய்வாளர்கள் இதை ஏ, பி, சின்னு எழுத்து போட்டு வகைப்படுத்தியே வச்சிருக்காங்க. அவ்ளோ நெறைய சுத்துது. விக்கிறவர் தெரிஞ்சே மறைக்கணும்னு இல்ல, தெரியாமலும் இருக்கலாம்.

எப்படி பாக்கறது? அதே படம் மியூசியத்துல இருக்கான்னு தேடுங்க, உகியோ-இ டாட் ஆர்க்னு ஒரு சைட்ல படத்தையே அப்லோட் பண்ணி பல மியூசியத்துல ஒரே நேரத்துல தேடலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கவிதை எழுத்தை ஒப்பிடுங்க, பொண்ணு முகத்தை இல்ல. தூரிகை வேகம் மறுபதிப்புல செத்துடும், தடிமன் மாறாம, கம்பி வளைச்ச மாதிரி ஓடும். ஒரு கோடு ஓரிடத்துல முறியுதுன்னா மியூசியம் பிரதில முறியுதான்னு பாருங்க. உலோகம் கம்மியா, புடைப்பு மேலோட்டமா, ஊதாவும் சிவப்பும் கண்ணைக் குத்துற மாதிரி இருந்தாலும் சந்தேகம் தான், செயற்கைச் சாயம் அப்புறம் வந்தது. மறுபதிப்பும் அழகு தான், மறுபதிப்பு விலைக்கு மறுபதிப்புன்னு சொல்லிக் குடுத்தா தாராளமா வாங்குங்க, கைல பிடிச்சுப் பழகறதுக்கு நல்லது.

விக்கிறவர்கிட்ட கண்டிப்பா கேக்க வேண்டியது: ஃப்ரேம்ல இருந்து எடுத்த போட்டோ, பின்பக்க போட்டோ, பக்கவாட்டு வெளிச்சத்துல ஒரு போட்டோ, சரியான அளவு. பின்பக்கம் வேற தாள் ஒட்டியிருக்கா, பூச்சி ஓட்டை அடைச்சிருக்கா, ஓரம் வெட்டியிருக்கான்னு தெரியும். ஓரத்துல கவிதை வரி பாதி போயிருந்தா நான் வாங்க மாட்டேன், விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும். பின்பக்க போட்டோ தர மாட்டேன்னா அதோட நிறுத்திடுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் கருத்த வெள்ளியைத் துடைக்காதீங்க, துணி கூட படக் கூடாது, அந்தப் பொடி அப்படியே உதிரும். கண்ணாடி நேரா படத்து மேல அழுத்துற மாதிரி ஃப்ரேம் போட்டா புடைப்பு தட்டையாகிடும், அமிலம் இல்லாத அட்டைல ஜன்னல் வெட்டி உயரம் குடுக்கணும். செல்லோடேப் கிட்டவே வேணாம், ஜப்பான் தாள் துண்டும் கோதுமை மாவுப் பசையும் தான் எல்லாரும் பண்றது. மியூசியங்கள் இந்த மாதிரி தாளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் தான் விடுவாங்க, அதுவும் சில மாசம் தான், அப்புறம் இருட்டுல வச்சுடுவாங்க. நம்ம மாதிரி ஈரப்பதமான ஊர்ல இருக்கவங்களுக்கு பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் பெரிய தொல்லை, வெளிச்சுவத்துல மாட்டாம, அட்டைப் பெட்டில வச்சு அப்பப்போ திறந்து பாத்துக்கோங்க. 

இந்த வாரமே ஆரம்பிக்க

மெட் சைட்ல ஹொக்கேய் பேர் போட்டு, ஒரு பொண்ணு மட்டும் இருக்குற ஷிகிஷிபான் ஒண்ணை எடுங்க. குறிப்பைப் படிக்காம ஒரு தாள்ல எழுதுங்க: கைல என்ன, பக்கத்துல என்ன, உடைல என்ன டிசைன், எந்த மிருகம், எத்தனை கவிதை, புடைப்பு எங்க இருக்கலாம், எது கருத்துப் போன வெள்ளி. அப்புறம் குறிப்பைத் திறந்து பாருங்க. அடுத்த வாரம் அதே வட்டத்தோட அதே வருஷத்து இன்னொரு படம் எடுங்க, வேற ஓவியரோடதா இருந்தா இன்னும் நல்லது, ஒரே மிருகத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு பாக்கலாம்.